வேணவா: இரண்டு ஆசை சேர்ந்த ஒரு சொல்

நீலகிரியில், பந்தலூர் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். மழைக்காலத்தில் ஒரு நாள், கரண்ட் இல்லை, ஓட்டின் மேல் விழுகிற மழைச் சத்தத்தில் பாடம் நடத்தவும் முடியவில்லை. சரி, ஆளுக்கொரு பத்தி சத்தமாக வாசியுங்கள் என்று இலங்கைத் தமிழ் நாளிதழ்க் கட்டுரை ஒன்றின் நகலைக் கொடுத்தேன். ஒரு பையன் சரளமாக வாசித்துக்கொண்டே வந்தவன், 'மக்களின் நீண்டகால வேணவா' என்ற இடத்தில் நின்றுவிட்டான். மறுபடி முயன்று, "வேணா... வா" என்று பிரித்து வாசித்தான். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "வேணாட்டி போ!"

வகுப்பே சிரித்தது. நானும்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தப் பையன் முழுக்கத் தப்பு செய்யவில்லை. 'வேணும்' என்பதற்கும் 'வேணவா' என்பதற்கும் உறவு உண்டு. வேர் ஒன்று. அவன் வெட்டிய இடம்தான் தப்பு.

அகராதியைப் புரட்டினால் மிகுந்த ஆசை, பெருவிருப்பம் என்ற அளவில் பொருள் கிடைக்கும். அது போதாது. மிகுந்த ஆசைக்குத் தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? வேணவாவின் தனித்தன்மை அது கட்டப்பட்ட விதத்தில் இருக்கிறது. வேட்கை என்று ஒரு சொல், அவா என்று ஒரு சொல். இரண்டுமே ஆசையைக் குறிப்பவை. இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்தால் வேணவா.

வழக்கமான புணர்ச்சி விதிப்படி பார்த்தால் வேட்கை + அவா 'வேட்கையவா' என்றுதான் ஆக வேண்டும். 'மழை + அழகு' மழையழகு ஆவது போல நடுவில் ஒரு 'ய்' வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. அதனால் தொல்காப்பியர் இந்த ஒரே ஒரு சொல்லுக்காக, எழுத்ததிகாரத்தில், உயிர்மயங்கியலில் ஒரு தனிச் சூத்திரமே எழுதிவிட்டார்:

வேட்கை என்னும் ஐயென் இறுதி
அவாமுன் வரினே மெய்யொடும் கெடுமே
டகாரம் ணகாரம் ஆதல் வேண்டும்.

வேட்கையின் கடைசியில் உள்ள ஐ, தான் ஏறியிருக்கும் க் என்ற மெய்யோடு சேர்ந்து போய்விடும். அதாவது 'கை' போய்விடும். மிச்சம் 'வேட்'. அந்த ட், ண் ஆகும். வேண் + அவா, வேணவா. ஆசையைப் பற்றிய சூத்திரம் 'வேண்டும்' என்று முடிவது தற்செயலாகத்தான் இருக்கும். சூத்திரங்களில் அந்த முடிவு சாதாரணம். ஆனாலும் ஒவ்வொரு முறை நடத்தும்போதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வரும்.

ஒரு சொல்லுக்கு இலக்கணத்தில் தனிவிதி வேண்டியிருக்கிறது என்றால், அது அப்போதே வாயில் தேய்ந்து தேய்ந்து வழக்குக்கு வந்துவிட்ட சொல் என்று அர்த்தம். புலவர் உட்கார்ந்து செய்த சொல்லாக இருந்தால் விதியை மீறியிருக்காது.

இனி, இரண்டும் ஆசைதானே, எதற்கு இரண்டு? தொல்காப்பியத்துக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரை இதை அழகாகப் பிரிக்கிறது. ஒரு பொருளின் மேல் எழும் பற்று வேட்கை. அந்தப் பொருளை அடைந்தே தீர வேண்டும் என்று மேன்மேலும் எழுவது அவா. வேட்கையால் உண்டான அவா வேணவா. இதை வகுப்பில் சொல்ல எனக்கு எங்கள் மலைப் பேக்கரிகளில் கிடைக்கும் மொறுமொறு வர்க்கிதான் உதவும். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறீர்கள். குளிர். எங்கோ பேக்கரி அடுப்பிலிருந்து வர்க்கி வாசம் வருகிறது. மனம் போய் அங்கே ஒட்டிக்கொள்கிறது பாருங்கள், அது வேட்கை. கால் தானாகத் திரும்பி, கை சட்டைப்பையைத் துழாவி, ஒன்று தின்றதும் இன்னொன்று, அப்புறம் வீட்டுக்கு அரைக் கிலோ என்று போய்க்கொண்டே இருக்கிறதே, அது அவா. பையன்களுக்கு உடனே புரிந்துவிடும். ஆனால் ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்வேன்: வர்க்கியின் மேல் யாருக்கும் வேணவா வராது. அந்தச் சொல்லின் கனத்தைத் தாங்க வர்க்கிக்குத் தெம்பில்லை.

வேர் எது என்று பார்க்க, 'கேள்' என்ற சொல்லைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேள், கேட்டான், கேட்கும், கேள்வி. அதே அச்சில் வேள், வேட்டான், வேட்கும், வேள்வி. வேள் என்றால் விரும்பு. விரும்பி மணம் செய்துகொள்வதும் வேட்டல்தான். அதனால் மாமனார் வீட்டுக்கு 'வேட்டகம்' என்று ஒரு பழைய பெயர் உண்டு. வேண்டு, வேண்டும், வேண்டாம், வேண்டுதல் எல்லாம் இந்தக் குடும்பம்தான். முருகனுக்கு வேள், செவ்வேள் என்று பெயர். அதற்கும் 'விரும்பப்படுகிறவன்' என்று பொருள் சொல்வார்கள். குறிஞ்சி நிலத்துத் தெய்வத்தின் பெயரிலேயே ஆசை இருக்கிறது என்றால், மலையில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இந்தக் குடும்பத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றால் கூடலூர் சந்தைக்கு வரலாம். மூன்று மாநிலங்கள் கூடுகிற இடம். ஒரே காய்கறிக் கடை முன்னால் ஒருவர் 'வேணும்' என்பார், பக்கத்தில் நிற்கும் மலையாளத்துக்காரர் 'வேணம்' என்பார், குண்டல்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த கன்னடக்காரர் 'பேக்கு' என்பார். மலைமேல் படுகரும் 'பேக்கு' என்றுதான் சொல்வார். கன்னடத்தில் சொல் முதலில் வரும் வகரம் பகரமாகிவிடும், அவ்வளவுதான். சமவெளியிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த ஒருவரிடம் ஒரு பாட்டி சிரித்த முகத்தோடு "பேக்கு?" என்று கேட்க, அவர் தன்னைத்தான் மக்கு என்கிறார் என்று நினைத்து முகம் சிவந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

வேட்கை என்றால் வெறும் ஆசை இல்லை, உடம்பில் உறைக்கும் ஆசை என்பதைப் பழைய பாட்டுகளில்தான் நன்றாகப் பார்க்க முடியும். தாகத்துக்கே 'நீர் வேட்கை' என்றுதான் பெயர். இன்று நாம் 'தண்ணி தவிக்குது' என்று சொல்வதை அன்று 'உண்ணுநீர் வேட்டேன்' என்று சொன்னார்கள். கலித்தொகையில் 51ஆம் பாட்டு, குறிஞ்சிக் கலி, இந்த ஒரு வார்த்தையை வைத்தே ஒரு நாடகம் நடத்துகிறது. சின்ன வயதில் தெருவில் மணல் வீட்டைக் காலால் உதைத்துக் கலைத்த பொல்லாத பயல், வளர்ந்து ஒரு நாள் வீட்டு வாசலில் வந்து நின்று 'உண்ணுநீர் வேட்டேன்' என்கிறான். அம்மா உள்ளிருந்து, தண்ணீர் கொடுத்துவிட்டு வா என்று பெண்ணை அனுப்புகிறாள். கொண்டுபோனால், அவன் வளையல் அணிந்த கையைப் பிடிக்கிறான். அவள் "அம்மா, இவன் செய்ததைப் பார்" என்று கத்திவிடுகிறாள். அம்மா அலறியடித்து ஓடி வருகிறாள். அதற்குள் இவள் மனம் மாறி, "தண்ணீர் குடிக்கும்போது விக்கிக்கொண்டான்" என்கிறாள். அம்மா அவன் முதுகைத் தடவிக் கொடுக்க, அவன் கடைக்கண்ணால் இவளைப் பார்த்துச் சிரிக்கிறான்.

வேட்டேன் என்று அவன் சொன்னது பொய்யா? தண்ணீருக்கு என்று எடுத்துக்கொண்டால் பொய். அந்தச் சொல்லுக்கு இருக்கும் இன்னொரு பொருளில் சத்தியமான உண்மை. இரண்டு பொருளும் ஒரே சொல்லில் இருப்பதால்தான் அந்த வாசல் நாடகம் நடக்கிறது. 'தாகம்' என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள், பாதி உயிர் போய்விடும்.

குறுந்தொகை 287இல் மேகத்துக்கும் வேட்கை வருகிறது. கடலில் நீரைக் குடித்து வயிறு கனத்து, வானத்தில் ஏற முடியாமல் தள்ளாடி மலையை நோக்கி வரும் மேகம், நிறைசூல் கொண்டு நடக்க முடியாமல், பச்சைப் புளிக்கு ஏங்கும் பெண்களைப் போல இருக்கிறதாம். 'பசும்புளி வேட்கைக் கடுஞ்சூல் மகளிர்' என்பது பாட்டில் வரும் தொடர். மசக்கையில் புளிப்புக் கேட்கும் நாக்கைத்தான் அப்படிச் சொல்கிறார் புலவர். தமிழ்நாட்டில் மழை அதிகம் பெய்யும் இடங்களில் ஒன்றான தேவாலாவில் நின்று, ஜூன் மாதம் நாடுகாணிப் பக்கத்திலிருந்து மேகம் ஏறி வருவதைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. அது நடக்கிற நடையே அப்படித்தான் இருக்கும். தொல்காப்பியம் இந்த மசக்கைக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறது: 'வயா என் கிளவி வேட்கைப் பெருக்கம்'.

சரி, வேணவாவுக்கு வருவோம். அது வரும் இடங்களில் எனக்குப் பிடித்தது நற்றிணையின் 61ஆம் பாட்டு. அதுவும் குறிஞ்சி. ஒரு பெண் தோழியிடம் முந்தின இரவைப் பற்றிச் சொல்கிறாள்.

கேளாய், எல்ல தோழி! அல்கல்
வேணவா நலிய, வெய்ய உயிரா,
ஏ மான் பிணையின் வருந்தினெனாக...

இரவில் வேணவா வந்து வருத்துகிறது. மூச்சு சூடாக வெளியே வருகிறது. அம்பு தைத்த பெண்மான் போலக் கிடக்கிறாள். பக்கத்தில் படுத்திருந்த அம்மா ஏதோ புரிந்துகொண்டவள் போல, 'துஞ்சாயோ, என் குறுமகள்?' என்று கேட்கிறாள். தூங்கலையா கண்ணு, அவ்வளவுதான். இவள் வாயைத் திறக்கவில்லை. சொல் வெளியே வராமல், நெஞ்சுக்குள் மட்டும் பதில் சொல்கிறாள்: மழை கொட்டிய பாறை ஓரத்தில் மீன்கொத்தியின் அலகு போலத் தளவம் என்ற முல்லைப் பூ அரும்பும் காட்டு நாட்டுக்காரனை நினைத்தவர்களுக்குக் கண் மூடுமா?

இங்கே 'நலிய' என்ற வினையைக் கவனிக்க வேண்டும். அவள் வேணவா கொள்ளவில்லை. வேணவா அவளை நலிக்கிறது. ஆசைக்கு அவள் எஜமானி இல்லை, அதுதான் அவள் மேல் உட்கார்ந்திருக்கிறது. அம்பு தைத்த மான் என்ற உவமையும் அதற்காகத்தான். மான் அம்பைத் தேடிப் போகவில்லை. அப்புறம் அந்த மௌனம். பக்கத்துப் பாயில் அம்மா விழித்திருக்கும் சின்ன வீட்டில், உள்ளே இவ்வளவு பெரிய காடும் மழையும் பாறையும் நிறைந்திருக்க, உதட்டில் ஒன்றும் இல்லை. வேணவா என்ற சொல்லுக்குப் பொருள் கேட்பவர்களுக்கு நான் அகராதியைக் காட்டுவதில்லை, இந்தப் பாட்டைத்தான் காட்டுகிறேன்.

திருவள்ளுவர் இந்தப் பக்கம் வரமாட்டார். அவர் அவாவைப் பிறவிக்கு விதை என்று சொல்லி, 'அவாவறுத்தல்' என்று 37ஆம் அதிகாரத்தை அதற்கு எதிராகவே எழுதினார். ஆனால் அங்கேயும் 'வேண்டாமை வேண்ட வரும்' என்கிறார். வேண்டாமையைப் பெறுவதற்கும் ஒரு வேண்டுதல் தேவைப்படுகிறது. வேள் என்ற வேரிலிருந்து தப்பிக்க வழியில்லை போல.

இவ்வளவு பழைய சொல், தமிழ்நாட்டில் இன்று எங்கே இருக்கிறது? தேர்வுக்குப் படிக்கும் புணர்ச்சி விதியில், எப்போதாவது மேடையில், மரபுக் கவிதையில். கடையிலோ வீட்டிலோ சொன்னால் என் மாணவன் போலத்தான் விழிப்பார்கள். கடல் தாண்டினால் கதை வேறு. ஈழத்துத் தமிழ் நாளிதழ்களில் இது செய்திச் சொல். அதிகாரப் பகிர்வு, அரசியல் தீர்வு என்று பேச்சு வந்தால் 'தமிழ் மக்களின் வேணவா' என்று தலையங்கத்திலேயே எழுதுவார்கள். அபிலாஷை என்று எழுதுகிற அதே இடத்தில் இதையும் எழுதுவார்கள். 'வேணவாக்கள்' என்று பன்மையும் உண்டு. ஒருத்தி பாயில் புரண்டு யாருக்கும் சொல்லாமல் மறைத்த ஆசையின் பெயர், ஒரு மக்கள் கூட்டம் வெளிப்படையாக முன்வைக்கும் கோரிக்கையின் பெயராகிவிட்டது. அந்தரங்கம் அறிக்கையாக மாறியதில் சொல்லின் சூடு கொஞ்சம் குறைந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் 'மேன்மேலும் எழுவது' என்ற பகுதி அப்படியே பொருந்துகிறது. ஒரு தலைமுறை கேட்டுக் கிடைக்காமல், அடுத்த தலைமுறை கேட்பதற்கு வேறு எந்தச் சொல் பொருந்தும்?

நீலகிரிக்கு இதில் என்ன சம்பந்தம் என்றால், அந்தக் கடலைத் தாண்டி வந்தவர்கள் எங்கள் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்கள். 1964 அக்டோபர் 30ஆம் தேதி கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கை மலையகத் தோட்டங்களில் குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ள வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்க வேண்டும் என்று ஆனது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மூட்டை முடிச்சோடு தலைமன்னாருக்கு ஏறிய ரயிலுக்கு அந்த மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து எங்கெங்கோ. அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968இல் அரசு தேயிலை நடத் தொடங்கியது. இன்றைய டேன்டீ, அதாவது தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம், அதுதான். கோத்தகிரி, குன்னூர், பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி என்று இந்த மலை முழுக்க அந்தத் தோட்டங்கள். இங்குள்ளவர்கள் 'லைன்' என்றும் 'பாடி' என்றும் சொல்லும் வீட்டு வரிசையை அவர்கள் 'லயம்' என்பார்கள். ஊர்க்காரர்கள் அவர்களை இன்றைக்கும் 'சிலோன்காரங்க' என்றுதான் சொல்கிறார்கள், மூன்றாம் தலைமுறை ஆன பிறகும்.

வேணவாவை எங்கே எழுதலாம், எங்கே கூடாது என்று மாணவர்கள் கேட்டால் சுருக்கமாகத்தான் சொல்வேன். டீ குடிக்க, சினிமா பார்க்க, புது போன் வாங்க என்பதற்கெல்லாம் ஆசை போதும். நடக்காது என்று தெரிந்தும் ஒட்டிக்கொண்டிருப்பது நப்பாசை. பச்சைத் தேயிலை விலை அடுத்த மாதம் ஏறிவிடும் என்று சிறு விவசாயிகள் எங்களூரில் ஒவ்வொரு மாதமும் சொல்வது போல. பக்கத்தில் இல்லாத ஒன்றை நினைத்து மனம் வாடுவது ஏக்கம். ஏக்கம் உட்கார்ந்துவிடும், வேணவா உட்காரவிடாது. பேராசையில் பழிச்சொல் இருக்கிறது, வேணவாவில் இல்லை. எழுதும்போது ண-வுக்குப் பதில் ன போட்டால் வேட்கையோடு உள்ள உறவு அறுந்துவிடும். ட் மாறினால் ண்தான் ஆகும். வேற்றுமை உருபு சேர்ந்தால் வேணவாவை, வேணவாவால்.

சொல் பேச்சில் இல்லையே தவிர, அதைக் கட்டிய கொத்தனார் வேலை பேச்சில் இன்னும் நடக்கிறது. ஒரு ஆசை போதவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? இன்னொரு ஆசையை அதன் மேல் வைக்கிறோம். ஆசை ஆசையாய் வாங்கினேன். ஆசைக்கும் ஒரு ஆசை. வேட்கையின் மேல் அவாவை வைத்தவர்களும் இதைத்தானே செய்தார்கள்?

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு சிலோன் பாட்டி இருக்கிறார். ஹட்டன் பக்கத்தில் ஒரு லயத்தில் பிறந்தவர், எழுபதுகளின் தொடக்கத்தில் வந்து, இங்கே டேன்டீயில் ஓய்வு பெறும்வரை கொழுந்து எடுத்தவர். வாத்தியாரை அங்கே சொல்கிற வழக்கப்படி என்னை 'மாஸ்டர்' என்பார். அந்த வகுப்பு முடிந்த மாலை, குடையை மடக்கிக்கொண்டே அவரிடம் கேட்டேன். "பாட்டி, வேணவான்னு ஒரு சொல். கேட்டிருக்கீங்களா?"

"அதென்ன மாஸ்டர், வேணாவா? அவரு இருந்தா தெரிஞ்சிருக்கும். அவருதான் பேப்பர் படிப்பாரு. எனக்குப் படிப்பு ஏது."

பொருளைச் சொன்னேன். ரொம்ப நாளாக மனசில் இருந்து, குறையாமல் வளர்ந்துகொண்டே போகிற ஆசை என்றேன். அவர் கொஞ்ச நேரம் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூரை ஓரத்தில் வைத்த இரண்டு பக்கெட்டும் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன.

"எங்க லயத்துக்கு மேல ஒரு பீலி இருந்துச்சு மாஸ்டர். விடியக்காலையில மலைக்குப் போறதுக்கு முன்ன அதுலதான் குளிப்போம். ஐசு மாதிரி விழும். அந்தத் தண்ணியில இன்னொரு தடவ தலைய நனைக்கணும். ஆசைன்னா ஆசை, அப்படி ஒரு ஆசை." எழுந்து போய் ஒரு பக்கெட்டை நகர்த்தி, காலியாக இருந்த குடத்தை அந்த இடத்தில் வைத்தார். "இங்க மட்டும் தண்ணியா இல்ல?"